ராணிகளைப் பார்க்க அக்காவோடு போனது

அமெரிக்காவிலிருந்து நான் அந்த முறை வந்ததே அக்காவிடம் ஒன்று சொல்லத்தான். என் கல்யாணம் முறிந்து, புருஷனும் நானும் பிரிந்துவிட்டோம். அம்மா அப்பா போன பிறகு மனம்விட்டுச் சொல்ல எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். ஆனால் அக்கா கன்னியாஸ்திரி. மடத்துக்குப் போனால் கேக்கும் காப்பியும் கொடுத்து, நாலு சிஸ்டர்கள் சுற்றி உட்கார்ந்து நியூஜெர்சிக் குளிரை விசாரிப்பார்கள். அங்கே எதைச் சொல்வது? தஞ்சாவூர்ப் பெண்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேருக்குப் பெயர் கொடுத்தேன். மடத்து மதரும் போய் வரச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை அரண்மனை வாசலில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கூட்டம். கூட்டிப்போனவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணும் பெண். சத்திரம் கட்டிய ராணிகள், கவி பாடிய அரண்மனைப் பெண்கள், ஆடிப் புகழ்பெற்றவர்கள் என்று நன்றாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. அடுத்த தெரு திரும்பியதும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தெருவாகத் தள்ளிப்போட்டேன். அக்காவோ வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துச் சாக்கடை தாண்டி, முன்னால் போய் நின்று வாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக நின்ற இடம், கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பழைய பெண்கள் பள்ளிக்கூடம். வீட்டையும் உறவையும் தாங்களாகவே விட்டு வந்தவர்கள் என்று சொன்ன அந்தப் பெண், அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நம்ம சிஸ்டரும் அப்படித்தான். விரும்பித்தானே வந்தீங்க, சிஸ்டர்?"

எனக்குப் பகீரென்றது. அக்காவை இங்கே இழுத்து வந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் பூதலூர்ப் பக்கத்தில் இப்படி வந்தால் வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை நேர்வார்கள், காவி கட்டி நடந்தே போவார்கள். அம்மா அதோடு நிற்கவில்லை. இவளைக் காப்பாற்றிக் கொடு, மூத்தவளை உனக்கே தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். ஆட்டுக்குட்டியை நேர்ந்துவிடுவதுபோல. இதைச் சொன்னால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும். இப்போது அவள் இல்லை, சொல்கிறேன். நான் பிழைத்துக்கொண்டேன். அக்கா ப்ளஸ் டூ முடித்ததும் மடத்துக்குப் போனாள். பிறகு ஊரே கம்ப்யூட்டர், அமெரிக்கா என்று பறந்தபோது, அவள் கல்யாணத்துக்கு ஆகியிருக்க வேண்டிய நிலம்தான் என் படிப்புக்கும் பயணத்துக்கும் போனது. உனக்கு இஷ்டமா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தெருவில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"ஆமாம்மா, விரும்பித்தான்" என்றாள் அக்கா. எல்லோரும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் டீக்கடை ஓரமாக நின்றோம். நிஜமாகவா என்று கேட்டேன். அக்கா டீயை ஊதிக்கொண்டே இருந்தாள்.

"தெரியலடி. நான் யோசிச்சுப் பாக்கறதுக்குள்ள எல்லாரும் சந்தோஷப்பட்டுட்டாங்க. அம்மா அழுவுது, அப்பா துண்டால கண்ணத் தொடைக்கிறாரு, ஃபாதர் பூசையிலயே சொல்லிட்டாரு. அப்பறம் எங்கேருந்து யோசிக்கிறது?" ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு புள்ள பெத்துக்கணும்னு இருந்துச்சு."

அவளுக்கு வாய்க்காத பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? கைக்குழந்தையாகப் பிழைத்துக் கிடந்ததற்கு எந்த வாயால் மன்னிப்புக் கேட்பது? கேட்டால் அவள் சிரிப்பாள், அது இன்னும் கொடுமை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

"மூஞ்சியத் தூக்காதடி. குடுத்தது ஒண்ணும் வீணாப் போகல. நீ பொழச்ச, புருஷனும் நீயுமா அங்க நல்லா இருக்கீங்க. தெனம் பூசையில ஒங்க ரெண்டு பேரையும் சொல்லித்தான் வேண்டிக்கிறேன். நல்லாத்தானே இருக்கீங்க?"

சொல்ல வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

"நல்லா இருக்கோம்க்கா" என்றேன்.