பூட்டு மாப்பிள்ளை

பதுளையில் வானத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு கழகம் இருந்தது என்றால் பதுளைக்காரர்களே நம்பமாட்டார்கள். மலைகளுக்கு நடுவே கிண்ணத்தின் அடியில் கிடக்கிற ஊர். மேலே வானம் என்று தெரிவது கிண்ணத்தின் வாயளவுதான். அதையும் பாதி நாள் முகில் மூடிக்கொள்ளும். ஆனாலும் கழகம் இருந்தது. உறுப்பினர் எல்லோரும் ஒரே முச்சக்கர வண்டியில் ஏறிப் போகலாம். தொலைநோக்கியை மட்டும் வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும்.

அந்தத் தொலைநோக்கியைச் செய்தவர் தனேஸ்வரன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, பதுளை பஜாரில் இப்றாஹீம் முதலாளியின் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் அமர்ந்தவர். முதன்முதலாகக் கண்ணாடி போடுகிற நடுவயதுக்காரருக்குக் கொடுக்கும் மெல்லிய லென்ஸ் ஒன்றைத் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையில் பொருத்தினார். மறுமுனையில், கைக்கடிகாரம் திருத்துகிறவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் குமிழ்க்கண்ணாடி. சந்திரனின் குழிகள் தெரிந்தன. சனியின் வளையம் தெரிந்ததா என்பதில் கழகத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. தெரியவில்லை என்பது, பக்கத்துக் கடைத் தையற்காரரும் கழகச் செயலாளருமான அலவியின் கட்சி.

தனேஸ்வரனுக்கு வானத்தில் இருந்த ஆசையைவிட, வானத்தைப் பற்றி மனிதர் பேசுகிற பொய்களின் மீது இருந்த கோபம் பெரியது. எல்லாவற்றிலும் பெரிய பொய் கிரகணம். பாம்பு விழுங்குகிறது, சோறு நஞ்சாகிறது, பிள்ளைத்தாய்ச்சி வெளியே வந்தால் பிள்ளைக்குக் குறை வந்துவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் மறுத்துப் பேசுவதற்கு அவர் பல வருடங்களாக ஒரு கிரகணத்தை எதிர்பார்த்திருந்தார்.

அது 1995இல் வந்தது. தீபாவளிக்கு மறுநாள் காலை. வேலை இல்லாத நாள். தோட்டம் முழுதும் வீட்டில் இருக்கும். இதைவிட வசதியாகச் சூரியனே ஏற்பாடு செய்துதந்திருக்க முடியாது. தனேஸ்வரன், ஐந்து மாதமாக முழுகாமல் இருந்த மனைவி இராசமணியோடு, பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த மாமியார் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போனார். தொலைநோக்கியும் போனது. அதற்குத் துணையாக அலவியும், கழகத்தில் மிச்சமிருந்த நாங்கள் இரண்டு பேரும்.

தீபாவளியன்று மாலை பெரட்டுக் களத்தில் கூட்டம். தினமும் காலையில் கங்காணி ஆட்களைக் கணக்கெடுக்கிற இடத்தில் நின்று தனேஸ்வரன் பேசினார். நன்றாகவே பேசினார். ஒரு உருண்டையின் நிழல் இன்னொரு உருண்டையில் விழுகிறது. இதில் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன வேலை? அதுவரை லயத்து மாப்பிள்ளையாக இருந்தவர், பேச்சு முடியும்போது 'சார்' ஆகியிருந்தார்.

தம்பையாவின் மனைவி செவனம்மா எழுந்து நின்றாள். அவளுக்கும் அதே மாதக்கணக்குத்தான், முதல் பிள்ளை.

"சார், எங்களயெல்லாம் வரச் சொல்றீங்க. அக்காவும் வருவாங்களா?"

"ஏன் வராம? மொத ஆளா நிப்பா."

"அப்ப நானும் வாறேன். மாமியா கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"நாஞ் சொல்றேம்மா."

கூட்டம் கை தட்டியது.

மறுநாள் காலை மாமியார் ரெங்கம்மா பலகாரத் தகரத்தின் மேல் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தன் பாட்டில் இருந்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகன் படித்தவர், அவருக்குத் தெரியும். இராசமணி தலைவாரி, தீபாவளிச் சேலையை மறுபடியும் உடுத்திக்கொண்டு நின்றாள். தனேஸ்வரன் வாசற்படியில் நின்று அவளைப் பார்த்தார். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இரண்டு முறையும் வானத்தில் கிரகணம் எதுவும் இருக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"நீ வரவேணாம், இராசமணி."

"நேத்து என்னா பேசினீங்க?"

"அது பொது விசயம்."

"இது?"

"இது நம்ம விசயம்."

சன்னல் இடுக்குகளில் சாக்கைத் திணித்தார். ஒரு கீறு வெளிச்சம்கூட வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வரும் என்பது தோட்டத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மனைவியின் பிடிவாதமும் தெரிந்ததால் வெளியே பூட்டைப் போட்டு, சாவியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறிவியலைப் பரப்ப வந்தார்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, தொலைநோக்கிக்குப் பின்னால் பிடித்த வெள்ளைத் தாளில் சூரியன் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு விழுந்ததும், அதன் ஓரத்தை யாரோ கடித்தது போலிருந்ததும்தான். ஆண்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். பெண்களில் செவனம்மா மட்டும் வந்தாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒரு பந்தயத்தில் வென்றவளைப் போல.

"அக்கா எங்க சார்?"

"தலவலின்னு படுத்திருக்கா. இப்ப வந்துருவா."

செவனம்மா தாளில் விழுந்த சூரியனைக் குனிந்து பார்த்தாள். "அட, நெசமாத்தான் தேயுது," என்றாள். கடித்தது பாதியை நெருங்கியிருந்தது. அப்போதுதான் மேட்டு லயத்திலிருந்து ரெங்கம்மா ஓடி வந்தார்.

"மாப்ள! சாவியக் குடுங்க மாப்ள! புள்ளைக்கு ஒண்ணுக்குப் போகணுமாம். கதவ ஒடைக்கிறா!"

பெரட்டுக் களமே தனேஸ்வரன் பக்கம் திரும்பியது. அலவிதான் கேட்டார்: "எந்தச் சாவி, மச்சான்?"

அந்த இடத்தில் தனேஸ்வரன் சாவியை எடுத்துக் கொடுத்திருந்தால் கதை சிரிப்போடு முடிந்திருக்கும். அவர் தாளைப் பார்த்தார். மறைந்திருந்த அளவைக் கண்ணால் அளந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க அத்த. இப்ப விட்டுரும்."

"கிரகணம் விடும் மாப்ள, அவ விடமாட்டா. குடுங்க!"

சிரிப்பு லயத்துக் கூரைகளை எட்டியது. சாவி கை மாறியது. பிள்ளைகள் அதற்குள்ளேயே 'பூட்டு மாப்ள' என்று பாடத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத் தனேஸ்வரன் தாங்கியிருப்பார். செவனம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து வயிற்றின் மேல் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஓடவும் பயந்து நடக்கவும் பயந்து, தன் லயத்தை நோக்கிப் போனாள். அந்த முதுகைத்தான் அவரால் பிறகு மறக்க முடியவில்லை.

அதற்குப் பின் வந்த மாதங்கள் விசித்திரமானவை. கிரகணத்தால் எதுவும் ஆகாது என்று மேடையில் சொன்ன மனிதர், செவனம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று பசறை பஸ்ஸில் வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். ஆகாது என்று தெரியும்; விசாரிக்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரு வார இடைவெளியில் சுகமாகவே பிறந்தன. அங்கே பையன், ரஜீவ். இங்கே பெண், விதுஷா. அறிவியலுக்கு இதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. தன் பேத்தியைப் பூட்டுதான் காப்பாற்றியது என்றார் ரெங்கம்மா. தன் பேரனை மாரியம்மன் காப்பாற்றினாள் என்றார் செவனம்மாவின் மாமியார்.

தனேஸ்வரன் தொடர்ந்து கழகத்துக்கு வந்தார். குழாயைத் துடைத்தார், திருப்பினார், பிடித்தார். பேசமட்டும் மாட்டார். தோட்டத்துக்கும் போகமாட்டார், தீபாவளிக்கு இராசமணி பிள்ளையோடு தனியாகத்தான் தாய்வீடு போவாள். அவள் அவரைக் குத்திக்காட்டியது ஒரே முறை, அதுவும் எங்கள் முன்னால்: "பூட்டுனதக்கூட விடுங்க. சாவியக் கையில வச்சிக்கிட்டு யோசிச்சீங்க பாருங்க."

2004 ஜூன் மாதம், வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து போகிற நாள். கண்ணாடிக் கடையின் பின்முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தோம். பள்ளி விட்டு வந்த விதுஷாவும் இராசமணியும் அங்கே இருந்தார்கள். பஜாரில் நின்ற அலவியிடம் ஒரு பெண் வந்து கேட்டிருக்கிறாள்: "அண்ணே, பூட்டு மாப்ள வேல செய்யிற கண்ணாடிக் கட எது?" அலவி தானே முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு வந்தார். இப்படியொரு விலாசத்தை அவர் இழக்க விரும்பவில்லை.

தம்பையாவின் மனைவி செவனம்மாவும் மகன் ரஜீவும். கரும்பலகை தெரியவில்லை என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இப்றாஹீம் முதலாளி சோதித்துவிட்டு, "கிட்டப்பார்வ, புள்ள. கண்ணாடி போட்டாச் சரி," என்றார். செவனம்மா நகரவில்லை. லென்ஸ் தேய்க்கும் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி இவன வயித்துல வச்சிக்கிட்டு அங்க வந்து நின்னேன். அதனாலயா?"

தனேஸ்வரனின் கை இயந்திரத்தை நிறுத்தியது.

"காய்ச்ச வந்தாலும் அதான்னு மாமியா சொல்லும். வழுக்கி விழுந்தாலும் அதான்னு சொல்லும். நான் இல்லேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப கண்ணு."

"கண்ணு முழி கொஞ்சம் நீளமா இருந்தா..." என்று ஆரம்பித்தார். அது மறுபடியும் மேடைப் பேச்சு என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும், நிறுத்திவிட்டார். முற்றத்தைப் பார்த்து மகளைக் கூப்பிட்டார். தடித்த கண்ணாடியோடு விதுஷா வந்து நின்றாள்.

"இது எம்பொண்ணு. இவ வயித்துல இருக்கப்பதான் அவ அம்மாவ இருட்டுல போட்டுப் பூட்டினேன். ஒரு கீறு வெளிச்சம் உள்ள போகல. ஒம் மகனுக்குக் குடுக்கப் போறதவிட இவ கண்ணாடி பவரு ரெண்டு மடங்கு."

கடையில் இரண்டு வாடிக்கையாளர் இருந்தார்கள். முதலாளி இருந்தார். அலவி இருந்தார், வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு. செவனம்மா சிறுமியின் கண்ணாடியை மெல்லக் கழற்றி, தன் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிவிட்டாள்.

"அப்ப அக்காவச் சும்மாதான் பூட்டுனீங்க?"

"சும்மாதான்."

"பயமா?"

"பயந்தான்."

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா, நானும் பயந்துகிட்டு உள்ளயே இருந்திருப்பேனே சார். எட்டு வருசம் நான் ஒருத்தியா பயந்தேன்."

தனேஸ்வரன் தலை குனிந்து நின்றார். 

இராசமணிதான் வந்து அவள் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். தாளில் சூரியன், அதில் மிளகளவு ஒரு கரும்புள்ளி.

"நீங்க பாத்தாச்சா அக்கா?" செவனம்மா கேட்டாள்.

"மொத ஆளா."

"இதுக்கு ஏதும் தோஷம் இருக்கா?"

"நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, இது கடைசியா வந்து," என்றார் அலவி. "தோஷம் கண்டுபுடிக்க ஒருத்தருக்கும் நேரம் கெடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவரைத் தவிர. ரஜீவுக்குப் புள்ளி தெரியவில்லை. மூக்கு தாளில் படும் வரை போய்ப் பார்த்தான்.

ரஜீவின் கண்ணாடி தயாரானதும் தோட்டத்து ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றார் முதலாளி. வேண்டாம் என்று தனேஸ்வரன் தானே பசறை பஸ் ஏறினார். பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது மதிலில் இருந்த இளைஞர்களில் ஒருவன் சொன்னான்: "டேய், பூட்டு மாப்ள வாறாருடா."

தனேஸ்வரன் நின்று திரும்பினார்.

"ஆமா, நாந்தான். தம்பையா வீடு இன்னும் அதே லயந்தானா?"