குழாய்க்கிணற்றைத் திறக்க விடாத மலர் அக்கா

வேலை முடிந்து, டொரண்டோவுக்குக் கிழக்கே பிக்கரிங் ரயில் நிலையத்தில் இறங்கி, கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நிஷாவின் அழைப்பு வந்தது. விட்பியில் இருக்கும் நிஷா, மலர் அக்காவின் ஒரே மகள். "அங்கிள், அம்மா மத்தியானம் போயிட்டா. நித்திரையிலேயே," என்றாள். பிறகு, "சேர்விஸில ஒருத்தரும் கனக்கக் கதைக்கக் கூடாதாம். அம்மா சொல்லிப்போட்டுத்தான் போனவ," என்றாள்.

அடக்க ஆராதனையில் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிட்டேன். ஆனால் எங்கள் ஸ்காபரோ தமிழ்ச் சபையில் மலர் அக்காவை அறிந்த உங்களில் பலருக்கு மலாவிக் கிணற்றின் கதை பாதிதான் தெரியும். மீதிப் பாதி அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

ஞானமலர் என்பது முழுப் பெயர். குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சபையில் பாடகர் குழுவிலும் இல்லை, பெண்கள் சங்கத்திலும் இல்லை. ஜெபிக்கச் சொன்னால் நாலு வசனத்தில் முடித்துவிடுவார். ஒருமுறை அதைப் பற்றிப் பகிடியாகக் கேட்டேன். "ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும், தம்பி," என்றார்.

நான் அப்போது மிஷன் குழுவின் செயலாளர். ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் ஒரு கிராமத்துக்குக் குழாய்க்கிணறு அமைத்துக் கொடுப்பது என்று சபை முடிவெடுத்திருந்தது. கிணறு தோண்டும் வேலையை அங்குள்ள ஒரு ஒப்பந்தக்காரர் செய்வார்; திறப்பு விழாவுக்கு நாங்கள் ஒன்பது பேர் போவோம். ஆயத்தக் கூட்டத்தில் பாட்டுக்கு யார், வீடியோவுக்கு யார், டீசேட் என்ன நிறம் என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, பின்னால் இருந்து மலர் அக்கா கையை உயர்த்தினார்.

"தண்ணியை ஆர் சோதிக்கிறது?"

பாஸ்டர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களும் வாங்கோ அக்கா," என்றார். அப்படித்தான் பத்தாவது ஆளாக அவர் சேர்ந்தார்.

மலாவியின் தலைநகர் லிலொங்வேயில் இறங்கிச் செம்மண் பாதையில் நான்கு மணிநேரம் போனோம். கிராமத்து மக்கள் அதுவரை ஓடைத் தண்ணீரைத்தான் குடித்து வந்தார்கள். மாடுகளும் அதே ஓடையில்தான் இறங்கும். அக்னஸ் என்ற சுகாதார ஊழியர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தண்ணீரையாவது காய்ச்சப் பழக்கியிருந்தார். புதிய கிணறு நீல நிறக் கைப்பம்புடன் தயாராக நின்றது. சுற்றிக் காகிதப் பூக்கள் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திறப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் மலர் அக்கா அந்தத் தண்ணீரில் சிறிது எடுத்து, மெல்லிய அட்டை போன்ற மூன்று பரிசோதனைத் தட்டுகளில் விட்டார். ஒரு நாள் உடற்சூட்டில் வைத்தால், தண்ணீரில் உள்ள கிருமி புள்ளியாக முளைத்துத் தெரியும். ஆய்வுகூடத்தில் அதற்குச் சூடேற்றும் பெட்டி உண்டு. கிராமத்தில் மின்சாரமே இல்லை. அவர் தட்டுகளைத் துணியில் சுற்றி வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். சாப்பிட்டதும் படுத்ததும் அந்தக் கட்டோடுதான். இதை அக்னஸ் மொழிபெயர்த்துச் சொன்னபோது கிராமத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த வயதில் பிள்ளைத்தாச்சியா என்று ஒருத்தி கேட்டாள். "ஓம், நாளைக்குப் பிறக்கும்," என்றார் மலர் அக்கா.

சனிக்கிழமை காலை பாஸ்டரையும் என்னையும் கூப்பிட்டுத் தட்டுகளைக் காட்டினார். நீலப் புள்ளிகள். மலக் கிருமி. மூன்று தட்டிலும் இருந்தது.

"நாளைக்குத் திறக்கேலாது," என்றார்.

மூன்று கிராமங்களிலிருந்து பாடகர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். விருந்துக்கு ஆடு அறுத்தாயிற்று. டொரண்டோவில் சபை முழுவதும் வீடியோவுக்காகக் காத்திருந்தது. நான்தான் வாதாடினேன். "அக்கா, இப்ப அவை குடிக்கிறது மாடு இறங்கிற ஓடைத் தண்ணி. அதைவிட இது எவ்வளவோ மேல்தானே?"

அவர் கோபப்படவில்லை. "ஓடைத் தண்ணி கூடாதெண்டு அவைக்குத் தெரியும், தம்பி. அதுதான் காய்ச்சினம். நாங்கள் ஜெபம் பண்ணித் திறந்துவிட்டா, நம்பிக் காய்ச்சாமக் குடிப்பினம். அதுக்கு நாங்கள் வராமலே இருந்திருக்கலாம்."

பாஸ்டர் தட்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஆர் சொல்லுறது அவைக்கு?" என்றார்.

"நான் சொல்லுறன்."

ஞாயிறு காலையில் அத்தனை பேர் முன்னாலும் மலர் அக்கா எழுந்து நின்றார். வழக்கமான குரலில்தான் பேசினார், அக்னஸ் மொழிபெயர்த்தார். இந்தத் தண்ணீர் இன்னும் சரியில்லை, பிழை எங்களுடையது, சரிவரும்வரை ஓடைத் தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். அவ்வளவுதான். பாடகர்களின் மேளம் நின்றிருந்தது. வயதான கிராமத் தலைவர் எழுந்து, பக்கத்து ஊரில் வேறு ஆட்கள் வந்து ஒரு கிணறு திறந்ததாகவும், அடுத்த மழையோடு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்ததாகவும், அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் வந்து பேசவில்லை என்றும் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் எப்போது போகிறீர்கள்?

எங்கள் விமானம் செவ்வாய்க்கிழமை. மலர் அக்கா, "இவை போவினம். நான் நிக்கிறன்," என்றார். அவர் எங்களிடம்கூட அதை முன்பு சொல்லியிருக்கவில்லை.

இதுவரை நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனி வருவது.

திங்கட்கிழமை ஒப்பந்தக்காரர் வந்து கிணற்றைப் பார்த்தார். குழாயைச் சுற்றி நிலத்துக்குள் போடும் சீமெந்து அடைப்பு இறுகவில்லை. மேலே தேங்கும் அழுக்குத் தண்ணீர் குழாயோரமாக உள்ளே இறங்கியிருந்தது. ஏன் இறுக விடவில்லை என்று மலர் அக்கா கேட்டார். அவர் தன் தொலைபேசியை எடுத்து, மின்னஞ்சலில் வந்த மூன்று கடிதங்களைக் காட்டினார். குழு வருமுன் எப்படியாவது முடிக்கவேண்டும், திகதியை மாற்ற முடியாது என்று மூன்று முறை எழுதியிருந்தது. எழுதியவன் நான். மலர் அக்கா வாசித்தார், தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், "சாப்பிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார்.

டொரண்டோவுக்குத் திரும்பி வந்து சபையின் முன் நின்று, சிறு தொழில்நுட்பத் தாமதம் என்று சொன்னேன். அதற்குள் அங்கே அவர் பழைய அடைப்பை உடைப்பித்து, புதிதாகப் போட்டு இறுக விட்டு, கிணற்றுக்குக் குளோரின் ஊற்றி இறைத்து, மறுபடி மறுபடி சோதித்தார். மூட்டு வருத்தத்தோடு ஐந்து வாரம் அக்னஸின் வீட்டில் தங்கினார். மூன்று முறை தொடர்ந்து புள்ளியில்லாமல் வந்த பிறகு, ஒரு புதன்கிழமை, விழா எதுவும் இல்லாமல் பெண்கள் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். வீடியோ எடுக்க அங்கே யாரும் இருக்கவில்லை. இன்றும் அந்தக் கிணற்றை அக்னஸ்தான் சோதித்து வருகிறார்.

திரும்பி வந்த வாரமே மலர் அக்கா என்னைக் கூப்பிட்டார். ஸ்காபரோவில் அவருடைய அப்பார்ட்மென்டில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"தாமதம் எண்டு சொன்னீராம்?"

"ஓம் அக்கா."

"அது தாமதமில்லைத் தம்பி, பிழை. ரெண்டும் ஒண்டில்லை."

"பிழை எண்டு சொன்னா, ஆர் பிழையெண்டு கேப்பினம்."

"எங்கட பிழை எண்டு சொல்லும். அதுக்குள்ள நானும் இருக்கிறன்தானே."

அடுத்த ஞாயிறு அப்படியே சொன்னேன். சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். சோதனைக்காரியைக் கூட்டிக்கொண்டு போனபடியால்தான் இவ்வளவு சிக்கல் என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். என் மூன்று கடிதங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்தப் பேச்சு அவரை விட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது நானே அந்தக் கதையை எடுத்தேன். "ஆக்களுக்குச் சொல்லட்டோ அக்கா?" என்றேன். "உமக்குச் சொல்லவேணும் போலயிருந்தாச் சொல்லும். எனக்காக வேண்டாம்," என்றார்.

எனக்குச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. அது எங்கள் பிழையல்ல. என் பிழை.

அடக்கம் முடிந்து இரண்டாம் வாரம் மிஷன் குழு கூடியது. அடுத்த கிணற்றுக்கான கடிதத்தை வாசித்தேன். அதில் திகதி எதுவும் இல்லை. தண்ணீர் சோதித்துச் சரியென்று வந்த பிறகு எங்களுக்கு எழுதுங்கள், அதன்பின் வருகிறோம் என்று மட்டும் இருந்தது. "திகதி இல்லாம எப்பிடி டிக்கெட் போடுறது?" என்று ஒருவர் கேட்டார். "லீவு எடுக்க வேண்டாமோ?" என்று இன்னொருவர். இருவரும் கேட்டது நியாயம்தான்.

"தண்ணி சரியெண்டு வரட்டும். பிறகு போடுவம்," என்றேன்.

மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. முன்பென்றால் அந்த முகங்களைப் பார்த்ததும் ஏதாவது ஒரு திகதியைச் சொல்லியிருப்பேன். அன்று சொல்லாமல் இருந்தேன். மலர் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.