எக்கி நின்ற ஞாயிற்றுக்கிழமை

ஹீல் என்ற சொல்லை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். ஹீல் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், விரல் பக்கம் விரிந்திருக்க வேண்டும் என்று வெயிலில் நிற்க வைப்பார். கல்லூரியில் அது தோழிகளின் உயரச் செருப்புக்குப் பெயரானது. எங்கள் கோழிப்பண்ணை சிமென்ட் தரையில் நின்று நின்று அம்மாவுக்குக் குதிகால் வலி வந்தபோது, டாக்டர் அதை ஹீல் பெயின் என்றார். எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எல்லாம் என் கல்யாணப் பேச்சால் வந்தது.

நான் குள்ளம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை, அம்மாவுக்குத்தான். ஜாதகத்தோடு கொடுக்கிற போட்டோவுக்காகச் சேலம் கடைவீதியில் ஹீல்ஸ் வாங்கி மாட்டிவிட்டாள். புரோக்கரிடம் சொன்ன உயரத்திலும் அந்த ஹீல்ஸைச் சேர்த்தே சொன்னாள். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பிடித்துப்போனது. அந்த மாப்பிள்ளை போனில், "கல்யாணத்துக்கப்புறமும் டீச்சர் வேலைக்குப் போவீங்கல்லங்க?" என்று கேட்டார். அதுவரை வந்த வரன் எல்லாம் வேலையை விடச் சொன்னதுதான். இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க அவர்கள் கார் வந்து நின்ற பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. வந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு காபி கொடுக்கிற பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? அட கடவுளே, இத்தனை திட்டம் போட்டவள் இதை யோசிக்கவில்லையே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒத்தாசைக்கு வந்திருந்த சித்தி சிரிக்கவில்லை. என் சேலையைத் தரையைக் கூட்டுகிற அளவுக்கு இறக்கிக் கட்டினாள்.

"எக்கி நில்லு சாமி. குதிகால் கீழ படாமப் பாத்துக்க. சேலைக்குள்ள யாருக்குத் தெரியப்போவுது?"

எக்கியபடியே தட்டோடு போனேன். கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா விட்டால்தானே! என்ன படித்தேன், எந்தக் கோயில் குலதெய்வம், கோழிக்குத் தீவனம் யார் வைக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். கெண்டைக்கால் கல்லாக இறுகியது. உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவோரம் நின்ற அம்மா, இன்னும் கொஞ்சம் பொறு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு அழுகை முட்டியது.

"அவன் பக்கத்துல வந்து நில்லு சாமி, பொருத்தம் பாக்கறேன்" என்றார் அந்த அம்மா.

போய் நின்றேன். மாப்பிள்ளை என் பக்கம் லேசாகத் திரும்பி, "நீங்க காபி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு என்னிடம் அப்படிக் கேட்டது அவர் ஒருவர்தான். இந்த மனுசனையா ஏமாற்றிக்கொண்டு நிற்கிறேன் என்று கூசிப்போனது. குதிகாலை இறக்கித் தரையில் வைத்தேன்.

என் தலை அவர் தோளுக்கும் கீழே போனது. மீதிச் சேலை காலைச் சுற்றிக் குவிந்து கிடந்தது.

"ஏஞ்சாமி, இத்தன நேரம் எக்கிக்கிட்டா நின்னே?" என்று கேட்டார் அவர் அம்மா.

"ஆமாங்க" என்றேன்.

மாப்பிள்ளை என் பாதத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஊட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். அவர் ஒரு வார்த்தையாவது பேசுவார் என்று கார் கிளம்புகிற வரைக்கும் எதிர்பார்த்தேன்.

மறுநாள் புரோக்கர் போன் செய்தார். "பொண்ணு குள்ளம்னு அவிய சொல்லலீங்க. ஒசரத்துலயே ஏமாத்தறவங்க இன்னும் எதுல எல்லாம் ஏமாத்துவாங்களோன்னு பயப்படறாங்க."

மறைக்காமல் காலை இறக்கி வைத்தவள் நான். ஏமாற்றுக்காரி என்ற பெயரும் எனக்குத்தான். அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அம்மா திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையைக் கோதிவிட்டாள். நானும் அவள் மடியில் சாய்ந்துகொண்டேன்.

"அழுவாத சாமி. அடுத்த ஞாயித்துக்கெழமை எடப்பாடிக்காரங்க வாராங்க" என்றாள். "இந்தத் தடவ நீ முன்னாடியே போயி உக்காந்துக்க. அவிய போற வரைக்கும் எந்திரிக்கவே எந்திரிக்காத."