உப்புக்காரன் செத்துப்போன கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரம் கல்மண்டபத்துத் தெருக்களில் நடந்தது இது. அப்போது நான் எண்ணூர் உப்பளத்து உப்பைத் தள்ளுவண்டியில் போட்டு, கூவி விற்றுக்கொண்டிருந்தேன். நான் தெருமுனை திரும்பும்போதே, கடைசி வீட்டில் பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு குரல்.

ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டியது. மழை போயும் கட்டு விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல்நாணில் புற்று, ஆனால் ஆரம்பம்தான் என்றார். புற்றைக் கருக்குவதற்காகக் கழுத்தில் ரேடியம் வைத்துக் கட்டினார்கள். தோல் வெந்து கருத்தது. எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வரும். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தேன்.

கடைசியில் டாக்டர், "வியாதி போயிடுச்சு. பழைய குரல் மட்டும் வராது" என்றார். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுபடி வண்டியைத் தள்ளிய முதல் நாள் தெருவில் நின்று கூவினேன். பாதி காற்றும் பாதி கரகரப்புமாக ஒரு சத்தம் வந்தது. என் தோளுக்குப் பின்னால் நின்று வேறு யாரோ கூவியதுபோல் இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

அந்தத் தெருவில் வலை பின்னும் ஓர் அக்கா இருந்தார். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போனவர். பல வருஷமாக என்னிடம்தான் உப்பு வாங்குவார். அன்றைக்குக் கடல் என்ன நிறம் என்று கேட்பார். நானும் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போவேன். அன்று அவர் வாசலில் நின்று, "அக்கா, உப்பு" என்றேன்.

அவர் கை வலையில் அப்படியே நின்றது. "யார்ப்பா நீ?"

"நான்தான்க்கா, உப்புக்காரன். தொண்டைல வியாதி வந்து ஆஸ்பத்திரில இருந்தேன்."

"சக்கரம் கிறீச்சுன்றது அவன் வண்டிதான். ஆளு அவன் இல்ல. அவன் இன்னா ஆனான்?"

எவ்வளவோ சொன்னேன். பேசப்பேச அவர் முகம் வெளுத்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண், "அவருதாங்க்கா, நான் பாத்துகினுதானே கீறேன்" என்றாள்.

"நீ மூஞ்சப் பாக்குற. அவன் மூஞ்சி எனுக்கு என்னிக்குத் தெரியும்?"

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "கடல் இன்னிக்குப் பச்சையா கீதுக்கா. ஓரத்துல மட்டும் கலங்கல்" என்றேன்.

"அவன் மாரி பேசாதப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் செத்துப்போய்விட்டதாக நினைத்து எனக்காகத்தான் அழுதார். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியைப் பிடித்திருந்த கையை உற்றுப் பார்த்தேன். அது என் கைதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அதன்பிறகும் அவர் என்னிடம் உப்பு வாங்கினார், புது ஆளிடம் வாங்குவதுபோல. கடல் நிறத்தைக் கேட்கவே இல்லை. போகப்போக, இறந்துபோன அந்த உப்புக்காரனைப் பற்றி என்னிடமே பேசலானார். அவன் அளந்தால் ஒரு பிடி கூடவே விழும் என்பார். அவன் குரல் கேட்டால்தான் பொழுது விடிந்ததாகத் தெரியும் என்பார். நான் உப்பை அளந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள், உப்பை முறத்தில் வாங்கியவர் உள்ளே போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்ப்பா. சாவும்போது அவன் ரொம்ப கஷ்டப்பட்டானா?"

நான்தான் அவன் என்று இன்னொரு முறை சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லக்கா. தூங்குற மாரியே பூட்டான்" என்றேன்.

அவர் நெடிய மூச்சு ஒன்று விட்டு, "அது போதும்" என்று உள்ளே போனார்.

ரேடியம் என்னைப் பிழைக்க வைத்தது உண்மைதான். ஆனால் என் சாவை நானே என் வாயால் சொல்லி, அதில் ஒருவருக்கு ஆறுதல் கிடைத்ததைப் பார்த்த பிறகு, அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவன் முழுக்க நான்தான் என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.