பியோ மன்சிக் பூண்டு ஊசி போட்டுக்கொண்ட கதை

யோங்தோ மேட்டில் பியோ மன்சிக்கைத் தெரியாத ஆளே கிடையாது. பூசானில் இருக்கிற தெருக்களிலேயே செங்குத்தானவை எங்கள் தெருக்கள்தான். அவற்றில் முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன பஸ் ஓட்டியவர் அவர். அவர் பிரேக் அடித்த அடியில் எங்கள் வீட்டு முட்டைகள் எத்தனை உடைந்திருக்கும் என்று இன்றுவரை கணக்கில்லை. கேட்டால், "முட்டையை மடியில வெச்சுக்கிட்டு யாரும்மா பஸ் ஏறச் சொன்னா?" என்பார்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு; தெருவில் என்னைத் தா-ஹே அம்மா என்பார்கள். கீழே தையல் கடை, மேலே குடியிருப்பு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது சுவர் என்று பேர்தான், காகிதம் மாதிரி. அவர் இருமினால் என் தையல் கோணலாகிவிடும்.

மனைவி போன பிறகு தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் குளியலறையில் கேட்பால் ஆடிக் காட்டுகிறேன் என்று மட்டையை ஓங்கி, வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கேட்பால் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் உயிர். மரச் சுத்தியல் போன்ற மட்டையால் பந்தைக் கம்பி வளைவுக்குள் தட்டிவிடுகிற ஆட்டம். மைதானத்தில் யாரும் விழுவதில்லை. இவர் யாருக்கு ஆடிக் காட்டினார் என்பது இன்னும் தெரியவில்லை. குளியலறையில் அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

எலும்பு கூடியது. ஆனால் ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இதயமும் கொஞ்சம் தளர்ந்திருப்பது தெரிந்தது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார்கள். தேஜோனில் வேலை பார்க்கிற மகள் மிரான், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் தேட ஆரம்பித்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். காரணம் ஒரு சிவப்பு மணி. பழைய பஸ்ஸை உடைக்கும்போது, நிறுத்தத்துக்கு அமுக்குகிற பொத்தானை இவர் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கட்டிலில் பொருத்தி, தண்ணீருக்கு ஒரு அமுக்கு, தலையணைக்கு ஒரு அமுக்கு, சும்மா இருந்தால் இரண்டு அமுக்கு.

பராமரிப்பு மையத்து அம்மா மிரானிடம் சொன்னாளாம்: "உங்க அப்பா வீடுன்னு சொன்னாலே எங்க ஆளுங்களுக்கெல்லாம் திடீர்னு முதுகுவலி வந்துடுதும்மா."

கடைசியில் வந்தவள்தான் தக் மல்ஜா. அறுபதைத் தாண்டியவள். பொதுக் குளியலகத்தில் பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடும் வேலை பார்த்து, தோள்பட்டை தேய்ந்துபோய், பிறகு பராமரிப்பாளர் படிப்புப் படித்தவள். தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாவதில் பாஸ். அவள் குரலுக்கு எங்கள் காகிதச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

முதல் நாள் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, மணி அடித்தது. மல்ஜா நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"யாரு எறங்கறது?"

"என்னது?"

"மணி அடிச்சீங்கல்ல பெரியவரே? ஸ்டாப்பிங் வந்தாச்சு. எறங்குங்க!"

தோளில் கைகொடுத்துத் தூக்கி, நடைவண்டியைப் பிடிக்கவைத்து, வாசல் வரை நடத்திவிட்டாள். அடுத்த மணிக்கும் அதே கதை. சாயங்காலத்துக்குள் மனிதர் மணியை விட்டுவிட்டு, "ஏம்மா, ஏய், காது கேக்குதா?" என்று வாயால் கூப்பிடப் பழகிவிட்டார். மல்ஜா அவரைத் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்று மட்டும் தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்: "நான் மனுஷன்மா, உருளைக்கிழங்கு இல்ல!"

இப்படியே சண்டை போட்டுச் சண்டை போட்டு நன்றாகத் தேறிவிட்டார். இலையுதிர் காலத்தில் கேட்பால் மைதானத்துக்கே போகத் தொடங்கினார். அங்கேதான் வினை காத்திருந்தது.

கீழ்த்தெரு அணிக்குத் தலைவர் கு தோக்பே. இவரைவிட இரண்டு வயது மூத்தவர். அன்று கன்னம் ஆப்பிள் மாதிரி மின்ன, அடித்த பந்தெல்லாம் வளைவுக்குள் போய் விழுந்தது.

"எப்பிடிய்யா இது? போன மாசம் செத்தவன் மாதிரி கெடந்தியே!" என்றார் பியோ.

தோக்பே காதோடு சொன்னார்: "ஊசிச் சித்தி."

ஊசிச் சித்தி வீட்டுக்கே வந்து வைட்டமின் டிரிப் ஏற்றுகிறவள். டாக்டர் சீட்டு வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். கூப்பிட்ட மறுநாளே பூப்போட்ட காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு, சுருட்டை முடியும் இளஞ்சிவப்பு உடையுமாக வந்துவிட்டாள். வண்டியில் மேலே வெங்காயத்தாள் கட்டு, அடியில் பாட்டில்கள்.

மல்ஜா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நீங்க யாரு? நர்ஸா?"

"ஆஸ்பத்திரியில இருவது வருஷ சர்வீஸ்மா எனக்கு. அண்ணே எங்க?"

உள்ளே பியோவின் காதில் 'அண்ணே' என்ற சொல் விழுந்ததுமே முதுகு நிமிர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்துப் பல வருஷமாகிறது.

"அவருக்கு இதயம் பலவீனம். தண்ணியே அளந்துதான் குடுக்கறோம்," என்றாள் மல்ஜா.

"இது தண்ணி இல்லம்மா, வைட்டமின். ஒடம்புக்கு நல்லதுதானே? ஆமா, நீ ஏன் தோளை அப்பிடிச் சாச்சு வெச்சிருக்க? வலியா? ஒனக்கும் ஒண்ணு போடட்டுமா? சும்மாதான், இனாம்."

மல்ஜாவின் காவல் அங்கேதான் உடைந்தது. எத்தனையோ வருஷ வலி அது. வலிப் பட்டை ஒட்டிப் பார்த்தாயிற்று, அக்குபங்க்சர் ஊசி குத்திப் பார்த்தாயிற்று, ஒன்றுக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியவர் கட்டிலிலும் பராமரிப்பாளர் தரையிலுமாகப் படுத்திருந்தார்கள். ஒரு பாட்டில் சுவர்க் கடிகாரத்து ஆணியில் தொங்கியது, இன்னொன்று துணி உலர்த்தும் கம்பியில், ஈரக் காலுறைகளுக்கு நடுவே.

"இந்த வைட்டமினுக்குப் பேரே பூண்டு ஊசி. மூக்குக்குள்ள பூண்டு வாசம் வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றாள் சித்தி. "எனக்கு இன்னொரு வீட்டுக்குப் போகணும். முடிஞ்சதும் நீங்களே பிடுங்கிப் பஞ்சு வெச்சு அமுக்கிக்கோங்க." வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாசம் வந்தது. இருவருக்கும் பரம சந்தோஷம்.

"எனக்கு வந்துடுச்சு!"

"எனக்கும் வந்துடுச்சு! கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு!"

அதோடு விட்டிருக்கலாம். பியோவுக்குச் சொட்டுகிற வேகம் பிடிக்கவில்லை. "என்ன இது, காலை நேரத்துக் கூட்டத்துல பஸ் போற மாதிரி! மேட்டுல ஏறணும்னா மிதிக்கணும்மா," என்று சொல்லிக்கொண்டே குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை முழுக்கத் திருப்பிவிட்டார். பாட்டில் மளமளவென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு நின்றது. மூச்சு கொதிக்கிற கெட்டில் மாதிரி இரைந்தது, உதடு நீலம் பாரித்தது.

மல்ஜா பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் தன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, அவரைத் தூக்கி உட்காரவைக்கக் குனிந்தாள். பாட்டில் கைக்குக் கீழே போனதும் அவள் ரத்தமே குழாயில் சிவப்பாக மேலே ஏறி வந்தது. அதைப் பார்த்ததும் அவள் போட்ட அலறல் கீழே துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு அலறலோடு மணிச் சத்தமும் சேர்ந்து கேட்டது. பெரியவர்தான் அமுக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மல்ஜா ஒரு கையால் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, கட்டிலில் கிடந்த போனை மூக்கால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"தா-ஹே அம்மா! ஆம்புலன்ஸ்! மூக்குக்கு நம்பர் சிக்க மாட்டேங்குது!"

நான் கூப்பிட்டேன். வந்தவர்கள் முதல் காரியமாகச் சக்கரத்தை மூடினார்கள். "இதுல என்ன மருந்து?" என்று கேட்டார்கள். பாட்டிலில் சீட்டே இல்லை. சித்தியின் போன் அணைத்திருந்தது. "பூண்டு," என்றாள் மல்ஜா. கேட்ட ஆள் அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிழைத்துக்கொண்டார். அளந்து தண்ணீர் குடிக்க வேண்டிய இதயத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் நுரையீரலில்தானே போய்த் தேங்கும் என்றார் டாக்டர். மல்ஜாவின் கை ஊசி குத்திய இடத்தில் சீழ் கோத்து, ஆவியில் வெந்த பன் மாதிரி வீங்கியது.

மிரான் ரயில் பிடித்து வந்தாள். "அக்கா, அவரைப் பாத்துக்கத்தானே உங்களை வெச்சேன்? நீங்களும் பக்கத்துலயே படுத்துக்கிட்டீங்களே!"

மல்ஜா வீங்கிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலை குனிந்தாள். "தப்புதான்மா. இனாம்னு சொன்னா."

"அவளைத் திட்டாதே. சக்கரத்தைத் திருப்பினது நான்," என்றார் கட்டிலில் இருந்தவர்.

"உங்ககிட்ட அப்புறம் வரேம்ப்பா!"

இரண்டு நாள் கழித்து அதே வார்டில் தோக்பேயும் வந்து சேர்ந்தார், அவருடைய மொத்த அணியோடு. தெருக்களுக்கிடையே நடக்கிற கேட்பால் போட்டிக்கு முன்தினம் சித்தி ஐந்து பேருக்கும் ஒரே பெரிய பாட்டிலிலிருந்து பிரித்து ஏற்றியிருக்கிறாள். விடிந்ததும் ஐந்து பேருக்கும் ஒரே நடுக்கம். பியோ ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாகக் கட்டிலில் கிடந்தபடியே, ஆடியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று சத்தம் போட, நர்ஸ் நடுவே திரை இழுத்துவிட்டாள். கோப்பை மலைக்கோயில் தெருப் பாட்டிகளுக்குப் போனது. அவர்கள் வெறும் பார்லிச் சோறும் கீரையும் சாப்பிட்டுவிட்டு ஆட வந்தவர்கள்.

தோக்பே சொன்ன அடையாளத்தை வைத்து, வெங்காயத்தாள் வண்டியோடு சித்தியைப் போலீஸ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இருபது வருஷ சர்வீஸ் என்றது உண்மைதானாம். சமையலறையில் கஞ்சி ஊற்றியிருக்கிறாள்.

மல்ஜாவை மையம் மறுபடி வகுப்புக்கு அனுப்பியது. அங்கே ஆசிரியை, "எங்கேயோ ஒரு பராமரிப்பாளர், நோயாளி பக்கத்துலயே படுத்து டிரிப் ஏத்திக்கிட்டாங்களாம்," என்று ஆரம்பிக்க, வகுப்பே சிரித்ததாம். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்துவிட்டுக் கையைத் தூக்கினாளாம் மல்ஜா: "டீச்சர், அது நான்தான். ஆனா காலுறைகளையும் சொல்லுங்க. அது இல்லேன்னா கதை சப்புன்னு இருக்கு."

அவள் இடத்துக்கு வந்தவள் தங்கமான பெண். ஒவ்வொரு கரண்டிக்கும் "ரொம்ப அழகா சாப்பிட்டீங்க" என்பாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பியோவே மையத்துக்குப் போன் போட்டார். "அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லம்மா. ஆனா சாயங்காலம் ஆனா நான் நல்லவனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுது. மல்ஜாவை அனுப்புங்க."

மிரான் முகம் சுளித்தாள். யோசித்துப் பார்த்தாள், வேறு யாரும் கிடைக்கப்போவதில்லை. மல்ஜா வந்தாள். வீட்டுக்குள் வருகிற எவராக இருந்தாலும் முதலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள். துணி தைத்துக் கொண்டுபோன என்னிடமே கேட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மிரான் போன் பண்ணுவாள். இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டு, இருவரும் ஒரே நேரத்தில் ஒருத்தர்மேல் ஒருத்தர் புகார் சொல்வார்கள். அவர் நடக்க மாட்டேன் என்கிறார், அவள் சூப்பில் உப்பே போடுவதில்லை, அவர் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறார், அவள் டிவியில் அழுகிற நாடகமே பார்க்கிறாள். மிரான் போனை மேஜையில் வைத்துவிட்டு, அது முடிகிறவரைக்கும் தக்காளி மாதிரி இருக்கிற சீமைப்பனிச்சைப் பழம் உரித்துக்கொண்டிருப்பாளாம். அவளே என்னிடம் சொன்னாள். ஒரு தட்டு நிறைய உரித்துவிடலாமாம்.