அரக்குச் சிவப்பும் ஆறுமுகம் அண்ணாச்சியும்

ஆறுமுகம் அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்ற தபால் கார்டு மதுரைக்கு வந்து சேர்ந்தபோது, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவருடைய மனைவி கோமதி அக்கா கைப்பட எழுதியிருந்தார். வாசலில் நின்றபடியே படித்தேன். இனி அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எழுதவே கூசுகிறது.

தென்காசித் துண்டுக் கம்பெனியில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நூல், சாயம், பட்டறை எல்லாம் அவர் பொறுப்பு. துண்டுக்கு நிறமும் கரையும் அமைப்பது என் வேலை. எழுபதுகளின் நடுவில் நான் போட்ட அரக்குச் சிவப்பு, குற்றாலத்துச் சீசன் கடைகளில் நன்றாக ஓடியது. அருவியில் குளித்துவிட்டு வரும் கூட்டத்தில் என் நிறத்தைத் தேடிக்கொண்டு நிற்பேன். அவ்வளவு கர்வம்.

ஒரு மத்தியானம், "வாரும், ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம்" என்று அண்ணாச்சி என்னைக் கீழப்பாவூர் பக்கம் பஸ்ஸில் கூட்டிப்போனார். எங்களுக்கு நூல் தோய்த்துக் கொடுத்த சாயப்பட்டறை அங்கே இருந்தது. அதன் பின்னால் சாயத்தண்ணீர் விழும் ஓடை. ஓடையைத் தாண்டி ஒரு வயல் கிணறு. வயலுக்குச் சொந்தக்காரி இசக்கியம்மாள் ஒரு வாளி இறைத்து எங்கள் முன்னால் வைத்தாள். தண்ணீர் சிவந்து கிடந்தது.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுது அண்ணாச்சி. நாத்துக்கு வேற வழியில்ல, இதத்தான் பாய்ச்சுதேன்" என்றாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "உம்ம கலருக்கு எத்தனை அலசு வேணும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் அதுவரை யாரையும் கேட்டதில்லை. பட்டறைக்காரர்தான் பதில் சொன்னார்: "மிச்சச் சாயம் போக ஆறு அலசு. வெளிர் காவின்னா ரெண்டுல முடிஞ்சிரும்."

மறுநாள் எங்கள் மாதிரிப் பதிவேட்டில் அண்ணாச்சி ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டார். எத்தனை அலசு, அலசின தண்ணீர் எங்கே போகிறது. "இது ரெண்டும் எழுதாம இனி எந்தக் கலரும் பாஸ் ஆவக் கூடாது" என்றார். பட்டறையை மாற்றிவிடலாம் என்று முதலாளி சொன்னதற்கும் அவர் ஒப்பவில்லை. "ஆள மாத்தினா அழுக்கு வேற ஊருக்குப் போவும், அவ்வளவுதான். இவருகிட்டயே தொட்டி கட்டச் சொல்லுவோம். அதுவரைக்கும் ஆர்டர நிறுத்த வேண்டாம்." பட்டறைக்காரர் சம்மதித்து, சாயத்தண்ணீர் தெளிய விடக் குழி தோண்டத் தொடங்கினார். அவ்வளவு தண்ணீரைத் தொட்டி தாங்காது என்பதால் அரக்குச் சிவப்பை விட்டுவிட்டு வெளிர் காவிக்கு மாற வேண்டும். அதுதான் அண்ணாச்சியின் யோசனை.

காவித் துண்டைச் சோதனைக்காகப் பேரருவிப் பக்கம் இரண்டு கடைகளில் வைத்தோம். பத்து நாள் கழித்து விசாரித்து வரப் போனவன் நான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. "எல்லாம் வித்துப் போயிட்டு, இன்னும் அனுப்பும்" என்றார் ஒரு கடைக்காரர். மற்றவரும் அதையே சொன்னார்.

சாயங்காலம் முதலாளி அறையில் அண்ணாச்சியும் இருந்தார். "காவி போவுதா?" என்று முதலாளி கேட்டார்.

"போகலை" என்றேன். "ஜனங்க அரக்குத்தான் கேக்காங்க."

அண்ணாச்சி என்னையே பார்த்தார்.

ஒரே வார்த்தைதான். அரக்குச் சிவப்பு தொடர்ந்தது. தொட்டிப் பேச்சே எடுக்காத வேறொரு பட்டறைக்கு ஆர்டர் போனது. தோண்டின குழி பாதியில் நின்றது. சந்தை தெரியாதவர் என்று சொல்லி அண்ணாச்சியைப் பார்சல் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். என்னை டிசைனுக்குத் தலைவனாக்கினார்கள். புதுப் பட்டறை இருந்த ஊரில் யார் கிணறு சிவந்ததோ, எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை.

மதுரைக்கு வேலை மாறிப் போன பிறகும் ஒவ்வொரு சீசனுக்கும் அவர் வீட்டுக்குப் போவேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போவேன். மழையைப் பற்றியும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் பேசிவிட்டு, காப்பி குடித்து எழுந்து வருவேன். பஸ் ஏறும்வரை கூட வந்து நிற்பார்.

பதினாறாம் நாள், பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு கோமதி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"அவுகளுக்குத் தெரியும். அடுத்த சீசன்லயே கடைக்காரரு சொல்லிட்டாரு."

"பிறகு ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"'அவரே வந்து சொல்லுவாரு, நாம கேக்கக் கூடாது'ம்பாக. நீங்க வார அன்னைக்கெல்லாம் நான் அடுக்களைக்குப் போயிருவேன். ரெண்டு பேரும் பேசட்டும்னு."

அத்தனை வருஷம் அவர் எனக்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. என் காலம் வரை அது என்னோடு இருக்கும். சந்தை தெரியாமல் ஏமாந்தவர் என்று அவரை இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிற நம் பழைய கம்பெனிக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அண்ணாச்சி சொன்னது சரி. காவித் துண்டு ஒன்று மிச்சமில்லாமல் விற்றது.