இரண்டு பேர் திறக்கும் கதவு

கேசட்டின் அடிப்பக்கத்தை உதட்டருகே வைத்து மூன்று முறை ஊதுகிறாள் ஜானு மாமி. மூன்றுக்குக் குறைந்தால் படம் வராது, நான்காவது ஊதினால் எச்சில் பட்டுவிடும் என்பது அவளே கண்டுபிடித்த சாஸ்திரம். டிவி கேம் பெட்டிக்குள் கேசட்டை அழுத்திவிட்டு, டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு உட்காருகிறாள். மாலை ஆறேகால் மணி. மயிலாப்பூரில் அந்த நேரத்துக்கு ஜன்னல் சாத்துவது கொசுவுக்காகத்தான் என்று எதிர்வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

வயது நாற்பத்தேழு. குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் ட்ரேசர். கல்யாணமே ஆகாதவள் எப்படி மாமி ஆனாள் என்று கேட்கலாம். முப்பத்தைந்து தாண்டியதும் தெருவே கூடி அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டது. தாலி கட்டத்தான் ஆள் கிடைக்காது, பட்டம் கட்ட ஊரே திரண்டு வரும்.

இருபத்தாறு வருஷமாக அவள் வரைந்துகொண்டிருப்பது பூமிக்கு அடியில் ஓடும் குழாய்களை. கச்சேரி ரோட்டில் யாருடனாவது நடந்துபோகும்போது திடீரென்று நின்று, "இதுக்குக் கீழ ஒம்போது இஞ்ச் போறது. இங்கேர்ந்து வடக்க திரும்பிடும்" என்பாள். கூட வந்தவர் தன்னையறியாமல் காலைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த அளவுக்கு மேலே நடப்பது அவளுக்குத் தெரியாது. யார் வீட்டில் வளைகாப்பு, யார் அமெரிக்கா போனார்கள், எந்தப் படம் நூறு நாள் ஓடுகிறது, எதிலும் மாமி சைபர். "வழியில்லாத குழாய்னு ஒண்ணு கெடையாது, எங்கியாவது போய்ச் சேர்ந்துதானே ஆகணும்" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வாக்கியம். பிரிவில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரத்திலேயே அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

டிவி கேம் அவள் விரும்பி வாங்கியதில்லை. தொண்ணூற்று நாலு தீபாவளிக்கு தி. நகரில் கலர் டிவி வாங்கினாள். டிவி வாங்கினால் ஹாட்பாக் இலவசம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். இவள் முறை வந்தபோது ஹாட்பாக் தீர்ந்துபோய், வீட்டில் பசங்கள் ஆடும் என்று சொல்லி இந்தப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஒண்டிக்கட்டைக்கு ஹாட்பாக்தான் எதற்கு என்று நியாயமாக யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மூன்று மாதம் அந்தக் கடையைத் திட்டித் தீர்த்தாள்.

பிப்ரவரியில் அம்மை போட்டது. மூன்று வாரம் வீட்டுக்குள் யாரும் வரவில்லை, வரக்கூடாது என்பதுதானே வழக்கம். தம்பி கிரீஷ் அடையாறிலிருந்து வந்து வாசற்படியில் இளநீரை வைத்துவிட்டு, கீழே தெருவிலிருந்தே கையசைத்துவிட்டுப் போவான். வேப்பிலைக் கொத்தால் முதுகைத் தடவிக்கொண்டே மாமி விட்டத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

பெட்டியோடு வந்த கேசட்டின் பெயர் 'ஆர்பிட் கேவ்'. ஏதோ ஒரு கிரகத்தில் விண்கலம் உடைந்து விழுகிறது. நீல நிற இரும்புச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் அதிலிருந்து இறங்கி, இடமிருந்து வலமாக ஓடுகிறது, குதிக்கிறது, குகைக்குள் இறங்குகிறது. குகைக்குள் குகை, சுரங்கத்துக்குள் சுரங்கம். எதிரே வரும் நாலைந்து ஜந்துக்களைச் சுட்டுவிட்டால் பிறகு அங்கே ஈ காக்கை கிடையாது. வழி கண்டுபிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் கொட்டாவி வரும். மாமிக்கு ஆபீசுக்குப் போனது போலிருந்தது. அம்மைத் தழும்பு மங்குவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டாள்.

முடித்ததோடு விட்டாளா? ட்ரேசிங் தாள் துண்டுகளை ஒட்டி, குகை முழுவதையும் இந்தியன் இங்கில் வரைந்தாள். திறந்து மூடும் கதவுக்கு வால்வின் குறி, செங்குத்தாக இறங்கும் பள்ளத்துக்கு மேன்ஹோலின் குறி. மேல் மூலையில் வடக்கு காட்டும் அம்பு. அந்தக் கிரகத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று இவளுக்கு யார் சொன்னார்கள்? வடக்கு போடாமல் படம் கைமாறக் கூடாது என்பது பிரிவின் விதி, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் பாண்டி பஜார் படலம். ஒரு மாடிப்படிக்கு அடியில் கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் டிவி கேம் கேசட்டும் விற்கிற கடை. கடைக்காரர் அன்வர் பாஷாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். இந்த ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறதா என்று மாமி கேட்டாள். "பையனுக்காம்மா?" என்றார் அவர். மாமி தலையை ஆட்டினாள். பொய் சொல்ல வேண்டுமென்று ஆட்டவில்லை. இல்லை என்றால் வேறு யாருக்கு என்று விளக்க வேண்டும், அதற்கு அலுத்துக்கொண்டு ஆட்டினாள்.

ஒரு தலையாட்டலோடு அது நிற்குமா? அடுத்த மாதம் பெயர் கேட்டார். அனிருத் என்றாள். என்ன படிக்கிறான்? எட்டாவது. ஜூன் மாதம் வந்ததும் யாரும் கேட்காமலே ஒன்பதாவது என்று மாற்றிக்கொண்டாள், அடுத்த ஜூனில் பத்தாவது. இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை என்று சொல்லும்போதெல்லாம் பாய் அந்தப் பிள்ளைக்காக ஒரு ஸ்டிக்கரோ சாவி வளையமோ கொடுத்தனுப்புவார். "பத்தாவது பரிச்சம்மா, ரொம்ப ஆட வுடாதீங்க" என்று புத்தியும் சொல்வார். மாமி சரி என்பாள். ஒருநாள் 12பி பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்தில் அந்த இல்லாத பிள்ளை உட்காரக் கொஞ்சம் இடம் விட்டு, தான் ஜன்னலோடு ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். அசடு, அசடு என்று தன்னைத் திட்டிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு ரொம்பத் துக்கமாக இருந்தது. ராத்திரி சமைக்கவில்லை.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில் 'ஆர்பிட் கேவ் டூ' வந்தேவிட்டது. நிறம் கூடியிருந்தது, குகைக்குள் ஏரி இருந்தது, பாசி இருந்தது, தானாக ஏறி இறங்கும் மேடைகள் இருந்தன. அறைக்கு அறை பன்னிரண்டு எண்கள் திரையில் வரும். மறுநாள் அவற்றை அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னொரு வித்தியாசமும் இருந்தது. இதில் ஓடுவது இரண்டு பேர், நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையும். மாமி நீலத்தை ஓட்டினாள். சிவப்பை ஓட்ட ஆளில்லாததால் அது நீலத்தின் பின்னாலேயே வந்து ஒவ்வோர் அறையிலும் ஓரமாக நின்றது. அதனிடம் மாமி பேசவும் தொடங்கினாள். "சித்த நில்லு, நான் பாத்துண்டு வரேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை கிரீஷ் போன் செய்து, தனியாக இருக்கிறாயே, போரடிக்கவில்லையா என்று கேட்டால், கோயிலுக்குப் போய் வந்தேன், கால் வலிக்கிறது என்று சொல்லிச் சீக்கிரமே வைத்துவிடுவாள்.

பதினெட்டு நாளில் இருபத்தோரு அறைகள் முடிந்தன. இருபத்திரண்டாவதில் ஒரு கதவு. நீளமான தாழ்வாரத்தில் இந்தக் கோடியில் ஒரு விசை, அந்தக் கோடியில் ஒரு விசை. இரண்டையும் ஒரே நேரத்தில் மிதித்தால்தான் கதவு திறக்கும். அது திறந்தால்தான் மேற்கொண்டு ஆட்டம். சிவப்பை அந்தக் கோடிக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும், மேலிருந்து விழும் பாறைகளுக்கு இரண்டும் தப்ப வேண்டும்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவள் உறையிலிருந்து எடுத்ததே அன்றைக்குத்தான். தரையில் வைத்துக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்புச் சட்டைக்காரன் நாலடி நடந்து பாறைக்கு அடியில் போனான். ரப்பர் பேண்டு சுற்றினாள். பொத்தான் மேல் அம்மிக் குழவியைக்கூட நிறுத்திப் பார்த்தாள். பாறைகள் விழுந்துகொண்டே இருந்தன. தனியாகச் செய்ய முடியாத காரியம் என்று எதையும் அவள் வீட்டில் மிச்சம் வைத்ததில்லை. கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டுவாள், ஃபியூஸ் போடுவாள், முதுகு தேய்க்க நீளப் பிடி வைத்த பிரஷ் வைத்திருக்கிறாள். இந்த ஒரு கதவு மூன்று வாரமாக அவளிடம் மசியவில்லை.

யாரைக் கூப்பிடுவது? கிரீஷைக் கூப்பிட்டால் அக்காவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று டாக்டரிடம் அழைத்துப் போவான். பக்கத்து மேஜை விஜயலக்ஷ்மியிடம் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாரியம் முழுக்கப் பரவிவிடும். வேறு யார் என்று விரல் விட்டு எண்ணினாள். இரண்டாவது விரலோடு எண்ணிக்கை நின்றுபோயிற்று. மூன்றாவது விரலை மடக்க ஒரு பெயர் கிடைக்காதது அவளைக் கதவைவிட அதிகமாகப் படுத்தியது.

கடைசியில் பாயிடம் போனாள். அனிருத் ஒரு கதவில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றாள்.

"இருவத்திரெண்டாம் ரூமா?" என்றார் பாய் உடனே. "அத்த ஒண்டியா தொறக்க முடியாதும்மா. ரெண்டு பேரு வோணும். கூடப் படிக்கிற பசங்க யாரையாச்சும் இட்டாந்து ஆடச் சொல்லுங்க."

"அவனுக்கு யாரும் இல்ல பாய்" என்றாள் மாமி.

பாய் கண்ணாடியை இறக்கித் துடைத்தார். பிறகு, வருகிற கேசட்டையெல்லாம் தானே ஆடிப் பார்த்துத்தான் விற்பதாகவும், தானும் ஒரு மாதமாக அதே கதவில்தான் நிற்பதாகவும் ரகசியம் போலச் சொன்னார். வீட்டில் யாரையாவது கூப்பிட்டால் பேரன் எடுக்கிற வயதில் இதென்ன என்று சிரிக்கிறார்களாம். "சனிக்கெழம மூணு மணிக்குக் கடை காலியாத்தான் கீது. பையனை இட்டுக்கினு வாங்க. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தொறந்துரலாம்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் ஆபீசில் மாமிக்குக் கோடு நேராக விழவில்லை. பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். டில்லியில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டேன் என்று சொல்லி அவனை ஒரேயடியாக அனுப்பிவிடலாம். அப்புறம் அந்தக் கடைப்படி ஏற முடியாது, கதவும் திறக்காது. உண்மையைச் சொன்னால் ஒன்றரை வருஷம் புளுகினவள் என்று ஆகும். அதுகூடப் பரவாயில்லை. பிள்ளை இல்லாதவள் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள் என்று அவர் பரிதாபப்படுவாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தனியாகப் போய் நின்றாள். காய்ச்சல் என்று சொல்வதாக பஸ்ஸிலேயே முடிவாகியிருந்தது. கடைக்குள் இரண்டு முக்காலிகள் போட்டிருந்தன, ஒன்றின் மேல் குஷன் வைத்திருந்தது. சின்ன டிவியில் 'ஆர்பிட் கேவ் டூ'வின் முதல் திரை தயாராக இருந்தது. பக்கத்தில் ஸ்ட்ரா போட்ட ஒரு மாம்பழ ஜூஸ் பாட்டில், ஒன்றே ஒன்று.

"பையன் வரலியாம்மா?"

மாமி வாயைத் திறந்தாள். ஜூஸ் பாட்டிலைப் பார்த்தாள். காய்ச்சல் தொண்டைக்கு மேலே வரவில்லை.

பரவாயில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பாய் அவளைத் தேற்றிவிட்டு டிவியை நிறுத்தக் கையை நீட்டினார். அவர் முகம் விழுந்துவிட்டது. நாலு வாரமாகக் கண்ணாடியில் தான் பார்த்துவரும் அதே முகம் என்று மாமிக்குத் தெரிந்தது.

"அணைக்காதீங்கோ" என்றாள்.

குஷன் போட்ட முக்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள். பன்னிரண்டு எண்களும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் அவள் கட்டைவிரலிலிருந்து விழுந்தன. பாய் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் தாழ்வாரம் வந்தது. மேலே முதல் பாறை அசைந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, இன்னொரு ஜாய்ஸ்டிக்கை அவர் பக்கம் நீட்டினாள் மாமி.